பள்ளி வாசலில் தெர்மல் கேமரா: காய்ச்சலைப் பிடிக்குமா, வெயிலைப் பிடிக்குமா?

23 ஜூலை 2024, மாலை – குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது

மலப்புரத்தில் நிபா வைரஸ் தாக்கி ஒரு சிறுவன் இறந்த செய்தி வந்ததிலிருந்து எங்கள் பள்ளியின் பெற்றோர் சங்கத்தில் இதே பேச்சாக இருக்கிறது. வாசலில் தெர்மல் கேமரா வைத்து, காய்ச்சலோடு வரும் பிள்ளைகளை அங்கேயே திருப்பி அனுப்பிவிடலாம் என்கிறார்கள். அதற்காக வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். கொரோனா காலத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் இந்தக் கருவியை இயக்கியதாக நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். பணம் கொடுக்கலாமா, வேண்டாமா ஐயா?

23 ஜூலை 2024, இரவு 9.40

இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது என்பதால் எனக்கு நேர்ந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். தெர்மல் கேமரா எங்களுக்குப் புதிதல்ல. பேனல் போர்டில் கேபிளின் முனையைப் பூட்டும் லக் எங்கே தளர்ந்திருக்கிறதோ அந்த இடம் சூடேறும். கதவைத் திறந்து கேமராவை நீட்டினால் அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும். புகை வருவதற்கு முன்பே முறுக்கிவிடலாம். மே 2020 இல் ஊரடங்கு தளர்ந்து தொழிற்சாலை திறந்தபோது, காய்ச்சல் பார்க்கும் கருவி எங்கும் கிடைக்காததால், நிர்வாகம் இந்தக் கேமராவையே கேட்டுக்குக் கொண்டுவரச் சொன்னது. அதை முக்காலியில் நிறுத்தி, 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒலிக்கும்படி அமைத்தவன் நான்தான்.

காலை ஆறு மணி ஷிஃப்டில் அது ஒருவரையும் தடுக்கவில்லை. பிற்பகல் இரண்டு மணி ஷிஃப்டில் ஓயாமல் ஒலித்தது. கத்திரி வெயில் நேரம். பஸ் ஓடாததால் எல்லோரும் நடந்தும் சைக்கிளிலும் வந்தவர்கள். கேட்டின் மேல் தகரக் கூரை. ஃபினிஷிங் பிரிவில் வேலை பார்த்த ஓர் அக்கா அடுத்தடுத்து இரண்டு நாட்கள் திருப்பி அனுப்பப்பட்டார். இரண்டாம் நாள் அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பார்த்தபோது 98.4 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தது. அந்த இரண்டு நாள் கூலி அவருக்குக் கிடைக்கவேயில்லை. மூன்றாம் நாள் உள்ளே வரும்போது அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

கேமரா அளந்தது அவருடைய தோலின் வெப்பத்தை. உடலின் உள்வெப்பம் அதற்குத் தெரியாது. எல்லாப் பொருள்களும் தம் வெப்பத்துக்கேற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகின்றன. மனிதத் தோலிலிருந்து வருவது 9 மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் மிகுந்திருக்கும். 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள கதிர்களைத் திரட்டி இந்தக் கேமரா எண்ணாக மாற்றுகிறது. இது வெயில் ஏற்றிய சூடு, இது நோய் ஏற்றிய சூடு என்று பிரித்தறிய அந்தக் கதிரில் எந்த அடையாளமும் கிடையாது.

24 ஜூலை 2024, காலை 6.15

கேமராவின் விளம்பரத் தாளில் 0.05 டிகிரி என்று போட்டிருக்கிறார்களே, அவ்வளவு நுட்பமான கருவி எப்படித் தவறும் என்று ஆம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் 2020 இல் அதே எண்ணைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். ஒரே படத்தில் அருகருகே இருக்கும் இரண்டு இடங்களுக்கிடையே 0.05 டிகிரி வேறுபாடு இருந்தாலும் பிரித்துக் காட்டும் என்பதே அதன் பொருள். காட்டுகிற எண் உண்மையான வெப்பத்துக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்பது வேறு சங்கதி. தொழிற்சாலைக் கேமராக்களில் அது பொதுவாக இரண்டு டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம். 36 டிகிரித் தோலை 38 என்று காட்டினாலும் அந்தக் கேமரா பழுதானது ஆகாது. அத்தகைய கருவியில் 37.5 என்று ஒரு கோடு கிழித்து, அந்தக் கோட்டை நம்பி ஒருவரின் கூலியை நிறுத்தியிருக்கிறோம்.

25 ஜூலை 2024, இரவு 10.05

அப்படியானால் விமான நிலையங்களில் மட்டும் எப்படி வைக்கிறார்கள் என்ற கேள்விக்கு என் தொழிலிலேயே பதில் இருக்கிறது.

பேனலில் நாங்கள் தனி எண்ணை நம்புவதில்லை. ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸையும் ஒரே படத்தில் பிடித்து, மற்ற இரண்டையும்விட ஒன்று எவ்வளவு கூடியிருக்கிறது என்றுதான் பார்ப்போம். மின்சாரத்தைக் கடத்தும் பஸ்பார் என்ற பளபளக்கும் செம்புப் பட்டை தன் வெப்பத்தைச் சரியாகக் காட்டாது, எதிரே இருப்பவற்றின் வெப்பத்தைப் பிரதிபலிக்கும். அதனால் அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அந்த டேப்பை அளப்போம். இவ்வளவும் தெரிந்த நான், மனிதர்கள் வந்து நின்றபோது மட்டும் ஒவ்வொருவரையும் தனித்தனி எண்ணாகப் பார்த்தேன்.

காய்ச்சல் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவிகளில் இந்த ஒப்பீடு இரண்டு வகையில் நடக்கிறது. ஒன்று, கரும்பொருள் எனப்படும், வெப்பம் துல்லியமாகத் தெரிந்த ஒரு சிறிய பெட்டியைக் கேமராவின் பார்வைக்குள்ளேயே வைத்து, அதைக்கொண்டு கேமரா தன்னைத் திருத்திக்கொள்ளும்படி செய்வது. மற்றொன்று, சற்றுமுன் கடந்துபோனவர்களின் சராசரியை எடுத்துக்கொண்டு, அதைவிடத் தெளிவாகக் கூடியிருப்பவரை மட்டும் தனியே நிறுத்துவது. வெயில் ஏற ஏற சராசரியும் கூடவே ஏறும் என்பதால் இரண்டாவது முறை நம் ஊருக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் ஒருவர் பஸ்ஸில் நிழலோடு வந்திறங்கி, அடுத்தவர் இரண்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்தால் அந்தச் சராசரிக்குப் பொருளில்லை. எல்லோரும் ஒரே நிழலில் சிறிது நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதற்கென்று ஐஇசி 80601-2-59 என்ற சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2020 இல் வழிமுறைகளை வெளியிட்டது. அறையின் வெப்பம் 20 முதல் 24 டிகிரி வரை, ஈரப்பதம் 10 முதல் 50 விழுக்காடு வரை இருக்க வேண்டும். நேரடி வெயிலோ காற்று வீச்சோ கூடாது. பின்னால் கண்ணாடியோ பளபளக்கும் உலோகமோ கூடாது. ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே பார்க்க வேண்டும். அளப்பதற்கு முன் அவர் அந்த அறையில் 15 நிமிடமாவது இருந்திருக்க வேண்டும். வேலூர் மாவட்டத்தில் ஏ.சி. இல்லாமல் 24 டிகிரி உள்ள அறையை மார்கழி விடியலில் வேண்டுமானால் பார்க்கலாம்.

26 ஜூலை 2024, காலை

நேற்று ஒன்றை எழுத மறந்தேன். அளக்க வேண்டிய இடம் நெற்றி அல்ல. மூக்கை ஒட்டிய கண்முனை. அங்கே தோல் மெல்லியது, உள்ளிருந்து வரும் ரத்தக்குழாய் அருகிலேயே ஓடுகிறது, வியர்வையும் குறைவு. நெற்றி அப்படியல்ல: வியர்க்கும், காற்றுப் பட்டால் குளிரும், பூசிய சந்தனம் உலரும்போதும் குளிரும், ஹெல்மெட்டைக் கழற்றிய கணத்தில் கொதிக்கும். மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் அதைக் கழற்ற வேண்டும், ஏனெனில் நம் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் கண்ணாடி இந்தக் கதிர்களுக்குச் சுவர்போன்றது. கேமராவில் கண்ணாடி கறுப்பாகத்தான் தெரியும். கேட்டில் நான் யாரையும் கண்ணாடியைக் கழற்றச் சொன்னதில்லை.

27 ஜூலை 2024, இரவு 11.20

காட்பாடியிலிருந்து ஒரு செவிலியர் சகோதரி தனிமடலில் எழுதியதை அவருடைய அனுமதியோடு என் சொற்களில் தருகிறேன். இதுவரை நான் எழுதியதில் பெரிய குறை ஒன்றை அவர் காட்டியிருக்கிறார்: கேமரா தவறாகப் பிடிப்பதைப் பற்றியே பேசுகிறேன், அது பிடிக்காமல் விடுவதைப் பற்றிப் பேசவில்லை.

காய்ச்சல் ஏறத் தொடங்கும்போது உடல் வெப்பத்தை உள்ளே தேக்கப் பார்க்கிறது. தோலுக்கு வரும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. கைகால் சில்லிடுகிறது, குளிர் நடுக்கம் வருகிறது. உள்ளே 102 ஏறிக்கொண்டிருக்கும்போது வெளியே தோல் குளிர்ந்திருக்கும். போர்வைக்குள் நடுங்கும் பிள்ளையின் கால் சில்லென்று இருப்பதைப் பார்த்திராத தாய் நம் ஊரில் இல்லை. அந்த நேரத்தில் கேமரா முன் நிற்கும் பிள்ளை தடையில்லாமல் உள்ளே போகும்.

அவர் சொன்ன இரண்டாவது செய்தி எனக்கு உறக்கம் வராமல் செய்துவிட்டது. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் விடும் வேளையில்தான், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு ஆகியவைதான் அப்போது கவனிக்க வேண்டியவை. ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று பள்ளிக்கு அனுப்பப்பட்ட பிள்ளையைக் கேமரா பச்சைக் கட்டத்தோடு உள்ளே அனுப்பும். மழைக்காலத்தில் குடியாத்தத்துப் பிள்ளைகளுக்கு நிபாவைவிட டெங்கு வர எவ்வளவோ வாய்ப்பு அதிகம். அது கொசுவால் பரவுவதே தவிர, பக்கத்தில் உட்காருவதால் பரவுவதில்லை. வாசலில் தடுத்து அதன் பரவலை நிறுத்த முடியாது.

28 ஜூலை 2024

கணக்காகக் காட்டுங்கள் என்று கேட்டவருக்கு. பின்வருபவை விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள்.

ஆயிரம் பிள்ளைகள், அவர்களில் பத்துப் பேருக்கு உண்மையான காய்ச்சல். கேமரா நல்ல கேமரா. காய்ச்சலுள்ள பத்துப் பேரில் எட்டுப் பேரைப் பிடிக்கிறது. காய்ச்சல் இல்லாத நூறு பேரில் பத்துப் பேரைத் தவறாக நிறுத்துகிறது. மீதி 990 பேரில் 99 பேர் தவறாக நிற்பார்கள். மொத்தம் 107 பேர் வரிசையில். எட்டுப் பேருக்கே காய்ச்சல். இரண்டு பேர் உள்ளே போய்விட்டார்கள். அந்த எட்டுப் பேரின் காய்ச்சலும் சளியா, டைஃபாய்டா, டெங்குவா, நாம் அஞ்சும் புதிய நோயா என்பதைக் கேமராவால் சொல்ல முடியாது. வேலூரோ வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் காட்பாடியில் வந்திறங்கும் ஊர். இங்கே காய்ச்சல் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எந்தத் தொற்றையும் ஊகிக்க இயலாது.

ஆகவே 107 பேரையும் திருப்பி அனுப்புவதா, உட்காரவைத்து வெப்பமானியால் மறுபடி பார்ப்பதா என்பதைத்தான் உங்கள் சங்கம் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

3 ஆகஸ்ட் 2024, மாலை

‘உலகம் முழுக்க வைத்தார்களே’ என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இந்த வழக்கம் பெரிதாகப் பரவியது 2003 இல் சார்ஸ் வந்தபோது. அந்த ஆண்டு கனடாவின் விமான நிலையங்களில் சுமார் 65 லட்சம் பரிசோதனைகள் நடந்தன. ஏறத்தாழ 9,100 பேர் மேற்கொண்டு பார்க்க அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட சார்ஸ் இல்லை. 2014 இல் எபோலா பரவியபோது லைபீரியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்ட ஒருவருக்கு விமான நிலையத்தில் வெப்பம் பார்த்தார்கள், காய்ச்சல் இல்லை. போய்ச் சேர்ந்து சில நாட்களில் நோய் வெளிப்பட்டது, அவர் இறந்தார். விமான நிலையத்தில் யாரும் தவறு செய்யவில்லை. அன்று அவர் உடலில் காய்ச்சலே இருக்கவில்லை.

கொரோனாவில் இது இன்னும் தெளிவானது. சீனாவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றிய தொடக்ககால ஆய்வு ஒன்றில், சேரும்போது காய்ச்சல் இருந்தவர்கள் 43.8 விழுக்காடு, சேர்ந்தபின் காய்ச்சல் கண்டவர்களையும் சேர்த்தால் 88.7 விழுக்காடு. மருத்துவமனைக்கே வரும் அளவு நோய் முற்றியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சேரும் நாளில் கேமராவைக் கடந்திருப்பார்கள். புறப்படும்போதும் வந்திறங்கும்போதும் பயணிகளைப் பரிசோதித்தால் என்ன ஆகும் என்று 2020 இல் செய்யப்பட்ட ஒரு கணிப்பு, தொற்றுள்ளவர்களில் ஏறக்குறைய 46 விழுக்காட்டினர் பிடிபடமாட்டார்கள் என்றது.

இதனால் கருவியே பயனற்றது என்று நான் சொல்லவில்லை. 2003 இன் சார்ஸ், காய்ச்சல் வந்தபின் அதிகம் பரவிய நோய். அதற்கு இந்த முறைக்குக் கொஞ்சமாவது நியாயம் இருந்தது. அறிகுறி தோன்றுமுன்பே பரவும் நோய்க்கு அந்த நியாயம் குறைகிறது. எந்த நோய், எந்தக் கட்டத்தில் பரவுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே வாசலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

17 ஆகஸ்ட் 2024

குரங்கம்மையை உலக சுகாதார நிறுவனம் 14 ஆம் தேதி சர்வதேச அவசரநிலையாக அறிவித்ததால் கேமரா விற்பவர்கள் மறுபடி பள்ளிக்கு வந்துபோனதாகக் குடியாத்தத்து வாசகர் எழுதியிருக்கிறார். அவர்களிடம் மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். துல்லியம் எத்தனை டிகிரி? கரும்பொருள் பெட்டி உடன் வருகிறதா? நண்பகலில், உங்கள் வாசலிலேயே, வெப்பமானியோடு ஒப்பிட்டு இருபது பேருக்கு அளந்து காட்டுவார்களா?

18 ஆகஸ்ட் 2024

கறுத்த தோலில் தவறாகக் காட்டுமா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். காட்டாது. இந்த அலைநீளத்தில் முழு அளவை 1 என்று வைத்தால், எல்லா நிறத் தோலும் ஏறக்குறைய 0.98 என்ற ஒரே அளவில்தான் கதிரை வெளியிடுகிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒளியைத் தோலுக்குள் செலுத்தி அளப்பதால் அதில் நிறத்தால் பிழை வர இடமுண்டு. அந்தச் செய்தி இதனோடு கலந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

21 அக்டோபர் 2024, பகல்

 நான்கு நாட்களாக எனக்கே காய்ச்சல். டெங்கு இல்லை, வேறு வைரஸ் காய்ச்சல் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

போனில் பொருத்தும் சிறிய தெர்மல் கேமரா ஒன்று வீட்டில் இருக்கிறது. முதல் நாள் மாலை எனக்கு நடுக்கம் எடுத்தபோது என் மனைவியை அருகில் உட்காரச் சொல்லி, இருவர் முகமும் ஒரே படத்தில் வரும்படி மகளை எடுக்கச் சொன்னேன். நாக்கின் கீழ் வைத்த வெப்பமானி எனக்கு 102.2 காட்டிக்கொண்டிருந்தது. படத்தில் என் மூக்கும் விரல்களும் கருநீலம். என் முகம் முழுவதுமே நலமாக இருந்த மனைவியின் முகத்தைவிடக் குளிர்ந்து தெரிந்தது. ஒரு மணி நேரம் கழித்து நடுக்கம் நின்று முகம் சிவந்ததும் இரண்டாவது படம்: இப்போது என் முகம்தான் வெளிறி எரிந்தது. பாராசிட்டமால் போட்டு, வியர்த்து, மூன்றாவது படம்: மறுபடி இருவரும் ஒரே நிறம். ஒரே மாலையில் நான் இரண்டு தடவை அந்த வாசலைக் கடந்திருப்பேன், ஒரு தடவை நின்றிருப்பேன். செவிலியர் சகோதரி எழுதியதைப் படித்திருந்தும், என் முகத்தில் பார்த்தபோதுதான் அது எனக்குள் இறங்கியது.

22 அக்டோபர் 2024

அந்தப் பாராசிட்டமாலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதைத்தான் நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

2020 இல் கேட்டில் ஒலி கேட்டால் கூலி இல்லை என்பது ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உள்ளவர்களுக்கு மருத்துவச் சான்றின்பேரில் கூலியில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். ஒப்பந்தக்காரரின் கீழ் பெயர் பதியாமல் வந்தவர்களுக்கு அதுவும் கிடையாது. அவர்கள் என்ன செய்வார்கள்? உடம்பு சுடுவதுபோல் இருந்தால் வீட்டிலேயே ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வந்தார்கள். உண்மையில் காய்ச்சல் உள்ளவர் உள்ளே போனார். காய்ச்சல் இல்லாத அக்கா வெயிலில் நடந்த குற்றத்துக்காக வெளியே நின்றார். கேமராவை எவ்வளவு சரியாக அமைத்திருந்தாலும் அந்த விதியோடு அது வேலை செய்திருக்காது.

பள்ளியிலும் இதேதான் நடக்கும். நூறு விழுக்காடு வருகைக்குப் பரிசு என்று ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, மறுபக்கம் காய்ச்சலைப் பிடிக்கக் கேமரா வைத்தால் பிள்ளைகள் மறைக்கக் கற்றுக்கொள்வார்கள். தாய் வேலைக்குப் போகும் வீட்டில் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை. அவளும் மாத்திரையைக் கொடுத்து அனுப்புவாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. திருப்பி அனுப்பப்படும் பிள்ளைக்கு வருகை போகாது, பள்ளியிலேயே படுக்க ஓரிடம் உண்டு, தாய் வரும்வரை ஆள் உண்டு என்பதைச் சங்கம் முதலில் எழுத்தில் தரட்டும். அதற்குச் செலவும் கிடையாது.

11 மே 2025, பிற்பகல் 3 மணி

கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. முன்பு நான் எழுதிய ‘சராசரி முறை நம் ஊருக்குப் பொருந்தும்’ என்பதை இன்று சோதித்தேன். வீட்டுக்கு வந்த உறவினர்கள் ஏழு பேரை வெயிலிலிருந்து வந்தவுடன் ஒரு படமும், மின்விசிறிக்கு நேரே இல்லாமல் உள்ளறையில் கால் மணி நேரம் உட்கார்ந்தபின் ஒரு படமும் எடுத்தேன். வந்தவுடன் எடுத்ததில் ஒருவருக்கொருவர் நெற்றி வெப்பம் பெரிதும் வேறுபட்டது. கண்முனையில் வேறுபாடு அதைவிடக் குறைவு. கால் மணி நேரத்துக்குப் பின் ஏழு பேரும் ஏறக்குறைய ஒன்றுபோல் ஆகிவிட்டார்கள். அறை 33 டிகிரி. தரநிலை கேட்கும் 24 அல்ல. ஆகவே எண்ணாக நம்ப முடியாது, ஒப்பீடாக நம்பலாம் என்ற இடத்தில் நிற்கிறேன். ஏழு பேரை வைத்து இதற்கு மேல் சொல்வது சரியல்ல.

14 ஜூன் 2025, இரவு

பள்ளி திறந்து இரண்டு வாரமாகிறது. பெற்றோரிடம் பணம் வாங்கவில்லை. பழைய மாணவர் ஒருவர் கரும்பொருள் பெட்டியோடு கேமராவை வாங்கிக் கொடுத்துவிட்டார் என்று வாசகர் அழைத்தார். நேற்றுக் காலை குடியாத்தத்துக்குப் போய்வந்தேன்.

வாசலில் மாட்டியிருந்ததைக் கழற்றி, வேப்பமரத்து நிழல் விழும் நூலக அறைக்கு மாற்றினோம். பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியைத் துணியால் மூடினோம். எட்டரை மணிக்கு, அசெம்பிளிக்கு முன்னால், ஒரு வகுப்புப் பிள்ளைகளை மட்டும் வரச்சொல்லிக் கால் மணி நேரம் உட்காரவைத்து, கண்ணாடி போட்டவர்களைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொருவராகப் பார்த்தோம். கேமரா இரண்டு பேரைப் பிரித்துக் காட்டியது. ஒருவன் தாமதமாக ஓடிவந்த பையன், வெப்பமானியில் 98.6, பத்து நிமிடத்தில் கேமராவிலும் மற்றவர்களோடு சேர்ந்துவிட்டான். மற்றவள் ஆறாம் வகுப்புச் சிறுமி, வெப்பமானியில் 100.8. காலையில் தலை வலிக்கிறது என்று சொன்னதாகவும், தேர்வு இருப்பதால் அம்மா அனுப்பிவிட்டதாகவும் சொன்னாள்.

கேட்டில் நின்ற நாட்களின் பழக்கத்தில் நான் அவளுடைய பையைக் கையில் எடுத்துவிட்டேன். ஆசிரியை அதை வாங்கி மேசைக்கடியில் வைத்துவிட்டு, அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மா வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவள் நூலகத்து மேசையில் தலைசாய்த்துப் படுத்திருந்தாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே வந்தாள் என்றே குறித்தார்கள்.